சிவப்புத் தண்டு வறை

பிரெடெரிசியா என்ற டேனிஷ் ஊரில் தோட்டத்தோடு ஒரு வீட்டுக்கு வந்த முதல் இலையுதிர்காலம் அது. அதற்கு முன் சில்க்போர்க்கில் மூன்றாம் மாடியில் முப்பது வருடம் இருந்தோம். மண் என்று எனக்கு இருந்தது ஜன்னலோரத்துக் கறிவேப்பிலைச் சாடி மட்டும். அதுவும் ஒரு குளிரில் பட்டுப்போனது. அது வேறு கதை.

இரவில் உறைபனி விழும் என்று தொலைக்காட்சியில் சொன்னதும் விடிய எழும்பித் தோட்டத்தில் இறங்கினேன். உருளைக்கிழங்கைக் கிண்டினேன், பீற்றூட்டைப் பிடுங்கினேன், லீக்ஸுக்கு வைக்கோல் பரப்பினேன், வெளிக்குழாயைப் பூட்டினேன். வேலியோரம் முன்பு இருந்தவர்கள் வைத்த செடி ஒன்று நின்றது. சிவப்புத் தண்டு, அகன்ற இலை. பீற்றூட்தான் முற்றி இப்படிப் பெருத்துவிட்டது என்று நினைத்தேன். பச்சை இலையைப் பனிக்கு விட எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. நாராயிருந்த தண்டுகளைக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு, இலைகளைப் பீற்றூட் இலையோடு சேர்த்து மெல்லிசாக அரிந்தேன். வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு மத்தியானத்துக்கு வறை செய்தேன்.

"கொஞ்சம் புளிக்குது. தேசிக்காய் விட்டனீங்களோ?" என்றாள் மனைவி.

"இல்லை. என்ரை கைராசி."

"அப்ப இன்னும் ஒரு கரண்டி போடுங்கோ."

எனக்குப் பல் கூசியது. ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன். அவள் மூன்று கரண்டி சாப்பிட்டாள்.

சாப்பிட்டபின் மிச்ச வேலையைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, நல்ல ரபார்பரை எறிந்துவிட்டாயே! தண்டில் கேக் செய்யலாமே. இலை எங்கே?"

ரபார்பரை நான் ஜாம் போத்தலில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். "சாப்பிட்டோம்" என்றேன். அவள் முகம் மாறிப்போனது. "இலை நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுக்கும்" என்றாள்.

என் மனைவியின் சிறுநீரகங்கள் பாதிதான் வேலை செய்கின்றன. உப்பைக்கூட அளந்து போடுகிற வீடு எங்களுடையது. மண் சப்பாத்தோடு உள்ளே ஓடினேன். அவள் சோபாவில் படுத்திருந்தாள். இரண்டு தரம் கூப்பிட்டும் அசையவில்லை. மூன்றாம் தரம் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னப்பா, வீடு பத்தி எரியுதோ?"

கோல்டிங்கில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற மகளுக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்பா, எத்தினை இலை போட்டனீங்கள்? டொக்டர் முதலிலை அதைத்தான் கேப்பார்."

"எண்ணேல்லை, பிள்ளை."

"தண்டு கிடக்குந்தானே, போய் எண்ணுங்கோ!"

குப்பைமேட்டில் முழங்கால் ஊன்றிக் கையால் கிளறினேன். மீன் ஃபக்டரியில் இருபது வருடம் பெட்டி எண்ணினவன் நான். ஒருநாளும் கணக்குப் பிழைத்ததில்லை. அன்றைக்கு ஒன்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. பீற்றூட் தண்டும் சிவப்பு, அதுவும் சிவப்பு. திரும்பத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

மகள் வந்து எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனாள். இரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் சிறுநீர் போவதைக் கவனியுங்கள், குறைந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"என்னை அனுப்பிப்போட்டு ஆரைக் கட்டுற பிளான்?" என்று காருக்குள் மனைவி கேட்டாள். மகள் சிரித்தாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு இரண்டு கோப்பை தண்ணீர் கொடுத்தேன். எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு எழும்பிக் குளியலறைக்குப் போனாள். நானும் பின்னால் போய்க் கதவோடு நின்றேன்.

"ஏனப்பா வாசல்லை நிக்கிறியள்?"

"சும்மா."

"நீங்கள் நிண்டால் எனக்கு வராது. அங்காலை போங்கோ!"

அவளுக்குக் கேட்கட்டும் என்று நாலு அடி சத்தமாக வைத்துப் போனேன். பிறகு வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்து கதவில் காதை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சும் இல்லை.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. நிறையக் கேட்டது. அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டேன்.