அக்கா கேட்டு வாங்கிய மான்

அக்காவுக்கு லைசென்ஸ் கிடைத்த வருஷம், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டில் ஒரு வானும் ஒன்றரைச் சாரதிகளும் இருந்தார்கள். ஒன்று அத்தான், அரை அக்கா. இது அத்தானின் கணக்கு. அக்கா வானை ஓடும்போதெல்லாம் அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, தன் காலடியில் இல்லாத ஒரு பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். பின்சீட்டில் இருக்கும் நான் றோட்டைப் பார்க்கமாட்டேன், அந்தக் காலைத்தான் பார்ப்பேன். அவ்வளவு சுவாரசியம்.

அக்கா ஒரு கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். இரண்டு பஸ் மாறவேண்டும். முதல் பஸ் பிந்தினால் இரண்டாவது போய்விடும், பிறகு பனிக்குள் நின்று விறைக்கவேண்டும். தானே வானை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அத்தான் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, விடவும் இல்லை. கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்:

“ஸ்நோ கொட்ட முன்னம் ஒருக்கால் பாப்பம். சனிக்கிழமை தம்பியைக் கம்பஸில கொண்டுபோய் விடும். ஒரு பிழையும் வராட்டி நீர் தனிய ஓடலாம்.”

ஆக, என்னுடைய சனிக்கிழமை வகுப்பு அக்காவின் பரீட்சை ஆகிவிட்டது. நான் அப்போது, எங்கள் நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாய வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மண்புழு, மேப்பிள் மரம், மாட்டுத் தீவனம் என்று எதைக் கேட்டாலும் எனக்கு ஒரு பதில் இருந்தது. பதில் சரியா என்பது வேறு விஷயம்.

அந்தச் சனிக்கிழமை, இலைகள் கொட்டிக்கொண்டிருந்த காலை. அக்கா வானை ஓடினாள், பக்கத்தில் அத்தான். இரண்டு பக்கமும் மரங்கள்.

“கண்ணாடியைப் பாரும். கை எங்கை?”

“இஞ்சதான் இருக்கு. கழட்டி வீட்டை வைச்சிட்டு வரேல்லை.”

நான் சிரித்து முடிக்கவில்லை, வலப்பக்க மரங்களுக்குள்ளிருந்து ஏதோ பழுப்பாகப் பாய்ந்தது. எதிரே பெரிய லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. அக்கா ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. நேராகப் பிடித்தபடி பிரேக்கை அமத்தினாள். டங்கென்று ஒரு சத்தம். லொறி எங்களைக் கடந்து போனது. அக்கா வானை மெல்ல ஓரங்கட்டி, நாலு சிக்னலையும் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“எல்லாரும் இருக்கிறியளோ?”

இருந்தோம். அத்தானின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: “திறப்பைத் தாரும்.”

அக்கா எஞ்சினை நிப்பாட்டித் திறப்பைக் கொடுத்தாள். அவர் அதைக் காற்சட்டைப் பையில் போட்டார். பரீட்சை முடிந்தது, பெயில் என்றுதான் நானும் நினைத்தேன்.

இறங்கினோம். வானின் ஒரு லைட் உடைந்து, முன்பக்கம் உள்ளே போயிருந்தது. மான் புல்லில் கிடந்தது. உடனேயே செத்திருக்கவேண்டும். அத்தான் அதை ஒருமுறை சுற்றி வந்தார். அவருடைய முகம் மாறுவது எனக்குத் தெரிந்தது. அவர் வன்னியில் வளர்ந்தவர். மான் இறைச்சி வத்தலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாரென்றால் அக்கா ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

“சூடு ஆறேல்லை,” என்றார். “ஒருத்தரும் வரேல்லை. தம்பி, பின்சீட்டை மடி.”

“ஐயோ அத்தான், தொடவே கூடாது! சட்டம். அது அரசாங்கத்தின்ரை மிருகம்.”

“அரசாங்கத்தின்ரை மிருகம் ஏன் எங்கடை வானுக்கு முன்னால வந்தது?”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ,” என்றாள் அக்கா. “கேட்டுப்போட்டு எடுப்பம்.” போனை எடுத்துப் பொலிசுக்கு அடித்தாள். காட்டு மிருகங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் வருவார், நில்லுங்கள் என்றார்களாம்.

காத்திருந்த நேரத்தில் அத்தான் குரலைத் தணித்துச் சொன்னார்: “நான்தான் ஓடினது எண்டு சொல்லுறன். உம்மடை லைசென்ஸ் புதுசு. பேந்து இன்சூரன்ஸ்காரன் பிரச்சினை தருவான்.”

பாசத்தில்தான் சொன்னார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கள் ஓடினதெண்டால், நான் ஓடேல்லை எண்டாயிடும். அப்ப இண்டைக்கு நான் என்னத்துக்கு வந்தனான்?”

எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. திறப்பு போனது போனதுதான், ஆனால் தான் ஓடியதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டாள்!

பச்சைச் சீருடையில் ஒரு நெட்டை மனிதர் வந்து இறங்கினார். பொன்ஜூர் சொன்னார். யார் ஓட்டியது என்று கேட்டார். இலக்கணம் தவறாத என் பிரெஞ்சை அவிழ்க்க நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை மறித்தாள்.

“நான்.”

அக்காவின் பிரெஞ்சு கார்டரிப் பிள்ளைகளிடம் படித்த பிரெஞ்சு. மூன்று சொல்லுக்கு மேல் ஒரு வசனம் போகாது, கையும் கண்ணும் சேர்ந்தே கதைக்கும். மான் அங்கே. நான் இங்கே. முன்னால் பெரிய லொறி. மான் ஓடி வந்தது. நான் பிரேக். திருப்பவில்லை. பூம்! பாயில் உட்கார்ந்து கதை கேட்கிற பிள்ளைபோல அந்த நெட்டை மனிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

பிறகு அவர் றோட்டில் நடந்து டயர் தடத்தைப் பார்த்தார். இரண்டு கறுப்புக் கோடுகள், வளைவே இல்லாமல். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னார்: “நேராகப் பிடித்தது நல்லது, மேடம். பயத்தில் திருப்பியிருந்தால் லொறியோடு மோதியிருப்பீர்கள்.”

ஒருவரும் கேட்காமலே நான் அதை அத்தானுக்கு மொழிபெயர்த்தேன். கொஞ்சம் உரத்துத்தான்.

“எனக்கு விளங்கினது,” என்றார் அத்தான், மானைப் பார்த்தபடி.

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். நாங்கள் எடுக்கலாமா?

அதிகாரி குனிந்து மானின் வயிற்றை அமத்திப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். பிறகு ஆறுதலாக விளக்கினார். சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போவதுதான் பிழை. தங்களிடம் அறிவிக்கவேண்டும். ஒப்படை என்று தாங்கள் சொன்னால் ஒப்படைக்கவேண்டும். “இதை ஒப்படைக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கு வேண்டுமா, மேடம்?”

தொடவே கூடாது என்று நான் அடித்துச் சொன்னது அவ்வளவு அழகாக உடைந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் வந்தது. ஒரு நல்ல சீவன் புல்லில் கிடந்து அழுகவும் வேண்டாம், அடித்தவர் களவாய்க் கொண்டுபோகவும் வேண்டாம். கேள், பார்க்கிறோம் என்கிறது சட்டம். அக்கா இதைப் படிக்காமலே ‘கேட்டுப்போட்டு எடுப்பம்’ என்றிருந்தாள்.

அதிகாரி அக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அத்தானைப் பார்த்தாள்.

“வேணுமோ?”

அத்தான் தொண்டையைச் செருமினார். “உம்மடை மான். நீர் சொல்லும்.”

அக்கா கையை நீட்டினாள்.

“திறப்பு.”

ஒரு கணம்தான். அத்தான் பைக்குள் கையை விட்டு எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். அதை மூடிக்கொண்ட பிறகே அக்கா அதிகாரியிடம் திரும்பி, தமிழில், “ஓம்” என்றாள். அவருக்கு அது நன்றாகவே விளங்கியது.

நாலு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். என் வகுப்பு போனது போனதுதான். வான் வீட்டுப்பக்கம் திரும்பியது. நான் வழக்கம்போல அத்தானின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிவப்பு விளக்கடியில் மட்டும் அது லேசாக எழும்பியது. அவரே அதைப் பின்னால் இழுத்து சீட்டுக்குக் கீழே மடித்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் கராஜில் அத்தான் மானை வெட்டிய விதம் இருக்கிறதே, அதுவும் பார்க்கவேண்டிய ஒன்றுதான். மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவர் ஆட்களுக்கு இறைச்சிப் பார்சல் கொடுத்தார். ஒவ்வொன்றோடும் ஒரே கதை: “என்ரை மனிசி அடிச்சது. முன்னால லொறி வருது, ஸ்டியரிங்கை ஒரு துளியும் அசைக்கேல்லை, தெரியுமோ?”

வானின் லைட்டை மாற்றி, முன்பக்கத்தை நிமிர்த்தி எடுத்த பிறகும் பிரீசரில் கொஞ்சம் இறைச்சி மிச்சம் இருந்தது. முதல் ஸ்நோ கொட்டிய காலையில் நான் பிந்தித்தான் எழும்பினேன். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. வான் நின்ற இடம் மட்டும் கறுப்பாக, நீளமாக, வெறுமையாகக் கிடந்தது. அத்தான் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.