வயிற்றுப்புண் என்று சொன்ன சாட்சி

சாம்சன் குறட்டை விட்டால் தெருவே விழித்துக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் பல வருடமாக உலைப் புகையை விழுங்குகிற மனிதர், வீட்டுக்கு வந்து சாய்ந்தால் அப்படித்தான். நடுவில் சட்டென்று சத்தம் நிற்கும், மூச்சும் நிற்கும். மனைவி ஹெலன் பதறிப்போய் விலாவில் இடித்த பிறகுதான் திரும்ப வரும். அண்ணன் மகள் ஷைனியின் கல்யாணத்துக்கு முதல்நாள் மதியம், மண்டபத்தில் இந்தக் கூத்தைப் பார்த்து உறவு மொத்தமும் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அண்ணன் தேசப்பன்.

"உடுங்கப்பா, குடுத்துவெச்சவன் தூங்கறான்!"

அந்த அண்ணன் என்றால் சாம்சனுக்கு உயிர். நைனா செத்தபோது சாம்சன் விவரம் தெரியாத பிள்ளை. ஏரியில் வழுக்கி விழுந்தார் என்று அண்ணன் சொன்னதுதான் தெரியும். தன்னையும் தங்கை கிரேஸையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது?

ஷைனியின் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு தேசப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றுப்புண் என்றார். நோய் தீர்ந்து வருகிறவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது அவர்கள் சபையில் வழக்கம். தேசப்பனும் மைக்கைப் பிடித்து, "கர்த்தர் என் வயித்துப்புண்ண ஆத்தினாரு" என்று கண்ணீர் விட்டார். கையைத் தட்டித் தட்டி அல்லேலூயா சொன்னது யார்? நம்ம சாம்சன்தான்.

இந்த வருடம் உலைமுன் நின்ற சாம்சனுக்கு நெஞ்சை யாரோ மிதிப்பது போலிருந்தது. அண்ணன்தான் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்த மறுநாள் டாக்டரம்மா கேட்டார், "குடும்பத்துல யாருக்காவது இது இருக்கா?"

"யாருக்கும் இல்லீங்கம்மா. எங்க வம்சமே இரும்பு."

டாக்டரம்மா பக்கத்தில் நின்ற தேசப்பனை உற்றுப் பார்த்தார். "நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி இங்கதானே ஸ்டென்ட் வெச்சீங்க? அப்பாவும் சின்ன வயசுல மாரடைப்புல போனார்னு நீங்கதானே சொன்னீங்க? இது பரம்பரையா ரத்தத்துல வர்ற கொழுப்பு, தம்பி தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இவருக்கு மூச்சு நின்னு நின்னு வர்ற குறட்டை, உலைப் புகை எல்லாம் வேற சேர்ந்திருக்கு."

தேசப்பன் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா போனதும் முணுமுணுத்தார். "ஷைனிக்கு சம்பந்தம் பேசிகினு இருந்த நேரம்டா. பரம்பரை நோவுன்னா எவன் கட்டுவான்?"

"கல்யாணம் முடிஞ்சும் எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாண்ணா? நீ மட்டும் தெனம் மாத்திரை போட்டுகினு, நான் மூச்சு நின்னு கெடக்கறத பாத்து சிரிச்சிகினு இருந்தியே!"

அட, 'தப்புதான்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாம்சன் அங்கேயே உருகியிருப்பார். பாவி மனுஷன் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சாம்சன் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கிரேஸிடமும் சபையாரிடமும் வாயுத் தொல்லை என்று அண்ணன் முந்திக்கொண்டு சொல்லிவைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாஸ்டர் சாம்சனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். எழுந்தவரின் மணிக்கட்டைத் தேசப்பன் பிடித்துக்கொண்டார்.

"என் சின்ன பொண்ணுக்கு ஆரணில எடம் பாத்துகினு இருக்கோம். கேஸ் டிரபிள்னே சொல்லிடு சாமு. அண்ணனுக்காவ."

இத்தனை ஆனபிறகும் இந்தப் பேச்சா! பெண்கள் பக்கத்தில் கிரேஸ் தன் பிள்ளைகளோடு, கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தாள். சாம்சன் அண்ணன் கையை உதறிவிட்டு மைக்கை வாங்கினார்.

"எனக்கு வந்தது ரத்தக்குழாய் அடைப்பு. எங்க அண்ணனுக்கும் அதான், வயித்துப்புண் இல்ல. எங்க நைனா செத்ததும் அதாலதான். கிரேஸு, நாளைக்கே போய் ரத்தம் டெஸ்டுக்கு குடுத்து பாரு. பசங்களையும் இட்டுகினு போ."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. கிரேஸ் எழுந்தாள். அவள் பார்த்தது சாம்சனை அல்ல, தேசப்பனை.

"அண்ணா, நெஞ்ச பிசையுதுன்னு போன மாசம் உங்கிட்டதான வந்து அழுதேன்? ஒண்ணுமில்லம்மா, கேஸுன்னு சோடா வாங்கி குடுத்து அனுப்பிட்டியே!"