பங்குனி இருமலும் டபேதாரின் கம்யூட்டேஷனும்

“சார், டாக்டர் முன்னால எப்பிடி இருமணும்? பலமாவா, மெதுவாவா?”

டபேதார் கருப்பையா என் மேஜை முன் நின்று இப்படிக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற அவருக்குப் பென்ஷன் கம்யூட்டேஷன் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் மனுஷர் இதைக் கேட்கிறார்.

“இருமவே கூடாதுய்யா. இருமினா வர்றதும் வராது.”

“நோயாளின்னா எரக்கப்பட்டுக் கூடப் போட்டுக் குடுப்பாகன்னு ரெக்கார்டு ரூம்ல சொன்னாகளே சார்.”

ரெக்கார்டு ரூமில் சொல்வதைக் கேட்டுத்தான் எங்கள் ஆபீசில் பாதிப் பேர் கெட்டார்கள். நான் அப்போது புதுக்கோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீசில் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷன் ஹெட்கிளார்க். ஊழியர்களின் லீவு, இன்கிரிமென்ட், பென்ஷன் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். கருப்பையா எங்கள் டபேதார். அதாவது பியூன்களுக்கெல்லாம் மூத்தவர், தோளில் சிவப்பு டவாலிப் பட்டை போட்டுக்கொண்டு ஆபீசர் அறை வாசலில் நிற்பவர். நல்ல உயரம், முறுக்கிவிட்ட மீசை, கதவு நிலை அளவுக்குத் தோள். அவரை நோயாளி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் பேப்பரில் அவர் நோயாளி. அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. இருமல் பிறந்த கதை

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. மகாராஜா ஆபீசில் வேலை பார்த்த நாங்கள் ஒரே நாளில் மதராஸ் சர்க்கார் ஊழியர்கள் ஆனோம். நாற்காலி அதேதான், விதிகள்தான் வேறு. சமஸ்தானத்தில் கணக்கு பசலி ஆண்டுப்படி, ஆனியோடு முடியும். மதராஸ் கணக்கோ மார்ச்சோடு முடியும். மார்ச் பிறந்தால் போதும், “இயர் எண்ட், யாருக்கும் லீவு கிடையாது” என்று சுற்றறிக்கை வந்துவிடும்.

இதில் அடிபட்டவர் கருப்பையா. பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா. அவர் வருடம் தவறாமல் புதுக்கோட்டையிலிருந்து நடந்தே போய்ப் பால்குடம் எடுப்பார். விரதம், நடை, தேர் எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சமஸ்தானத்து சூப்பரின்டென்டென்ட், “போய்ட்டு வாய்யா, எனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வா” என்று வாயாலேயே லீவு கொடுத்துவிடுவார். மதராசிலிருந்து மாற்றலாகி வந்த ஆபீசர் அப்படி இல்லை. “கோயிலுக்கெல்லாம் மார்ச்ல லீவு கேட்டா ஆபீஸ் நடக்குமா?” என்று பேப்பரைத் தள்ளிவிட்டார்.

மறுநாளே கருப்பையாவுக்கு இருமல் வந்தது. வாசலில் நின்று அவர் இருமிய இருமலில் ஆபீசரால் உள்ளே டிக்டேஷன் கொடுக்க முடியவில்லை. ஒரு வைத்தியரிடம் போய் அங்கேயும் இருமிக் காட்டி, மார்புச் சளி என்று சர்டிபிகேட் வாங்கி வந்தார். மெடிக்கல் லீவு சாங்க்ஷன் ஆனது. அன்று முதல் பங்குனி பிறந்தால் இருமல் பிறக்கும், தேர் நிலைக்கு வந்தால் இருமல் நிற்கும். ஆபீசில் அதற்குப் பங்குனி இருமல் என்றே பெயர். தேர் பார்க்கிற பைத்தியம் ஒரு மனிதரை இந்தப் பாடு படுத்துகிறதே என்று நானும் அவரைக் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார், ஏன் போகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

2. அழகம்மாள் கேட்டது

ரிட்டையர் ஆகச் சில மாதங்கள் இருந்தபோது கருப்பையா தன் மனைவியோடு வந்தார். அழகம்மாள் அவரைவிட ரொம்ப இளையவர். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பிள்ளை குட்டி இல்லை. பென்ஷன் பேப்பரில் கைநாட்டா, கையெழுத்தா என்று கேட்கத்தான் அவர்கள் வந்தார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாள் வேறு கேட்டார்.

“சார், இந்தப் பென்சனு இவுக இருக்கந்தட்டியும் வரும். இவுகளுக்குப் பெறகு எனக்கு வருமா?”

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு வரும், எப்போது வரும், பஞ்சப்படி உண்டா என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

“வராதும்மா. அவர் கண்ணை மூடுற அன்னிக்கு அதுவும் நின்னுரும்.”

அந்தக் காலத்தில் அதுதான் விதி. பின்னால் அறுபதுகளில் குடும்பப் பென்ஷன் என்று ஒன்று வந்தது. முன்பே ஓய்வு பெற்றுப் போன இவர்களுக்கு அது எட்டவில்லை.

கருப்பையாவுக்குப் பெரிய அதிர்ச்சி. சமஸ்தானத்தில் யாராவது போய்விட்டால் அந்த வீட்டுப் பெண் அரண்மனைக்கு மனுப் போடுவாள், மகாராஜா பார்த்து ஏதாவது செய்வார் என்ற நினைப்பிலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறார். “இப்ப மனு யாருகிட்டப் போடுறது சார்?” என்று என்னைக் கேட்டார். மகாராஜாவே இப்போது எங்களைப் போல சர்க்காரிடம் படி வாங்குகிறவர்தான்.

அழகம்மாள் அழவில்லை. “இருக்கிறது வாடகை வீடு. இவுக போயிட்டா நான் எங்கிட்டுப் போயி நிக்கிறது? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, போதும்” என்றார். வீட்டின் சொந்தக்காரர் அதை விற்கப்போகிறாராம். தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று உண்டு. வீடு கைக்கு வந்தால், பின்னால் இருந்துகொண்டு முன்னறையை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொள்வாராம். எனக்குப் பெருமையாக இருந்தது. என் செக்ஷன் குமாஸ்தாக்களைவிட அந்த அம்மாளுக்குக் கணக்கு தெளிவாக இருந்தது.

வழி இருந்தது. அதுதான் கம்யூட்டேஷன். மாதாமாதம் வரும் பென்ஷனில் ஒரு பகுதியை சர்க்காருக்கே விட்டுக்கொடுத்தால், அதற்கு ஈடாக மொத்தமாக ஒரு தொகை கையில் கொடுப்பார்கள். பென்ஷன் குறையும், ஆனால் கையில் வந்தது வந்ததுதான். ஆள் போனாலும் அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

3. எழுதினாலும் ஆபத்து, எழுதாவிட்டாலும் ஆபத்து

அதில் ஒரு கொக்கி உண்டு. டாக்டர் பரிசோதனை. ஆள் திடமாக இருக்கிறார், நெடுநாள் இருப்பார் என்று டாக்டர் எழுதினால் முழுத் தொகை. நெஞ்சு பலவீனம் என்று எழுதினால் இருக்கிற வயதோடு சில வருடங்களைக் கூட்டி, தொகையைக் குறைத்துவிடுவார்கள். ரொம்ப மோசம் என்றால் கம்யூட்டேஷனே கிடையாது. சர்க்கார் பார்வையில் அது சரிதான். நாளைக்குப் போகிறவருக்கு எதற்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டும்?

பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கேள்வி. சமீப வருடங்களில் மெடிக்கல் லீவு எடுத்ததுண்டா, எடுத்திருந்தால் என்ன நோய்?

வருடா வருடம் மார்புச் சளி. அதை எழுதினால் எந்த டாக்டரும் இவரைத் திடமானவர் என்று எழுத மாட்டார். எழுதாமல் மறைத்தால் பொய் வாக்குமூலம், பிடிபட்டால் பென்ஷனுக்கே உலை. இருமலே பொய் என்று உண்மையைச் சொன்னாலோ, பொய் சொல்லி லீவு வாங்கினார் என்று ஆகும். நன்னடத்தை இருந்தால்தான் பென்ஷன் என்று விதி முதல் வரியிலேயே இருக்கிறது.

“சார், எழுதிருங்க. லீவு எடுத்தது நெசந்தானே” என்றார் கருப்பையா.

எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவர் எப்படி இருமணும் என்று கேட்டு என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. இருமல் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில், நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி வைத்தேன்.

4. திருச்சியில் நடந்தது

அப்போது நாங்கள் திருச்சி ஜில்லாவில் சேர்த்தி. ஜில்லா சர்ஜனிடம்தான் காட்ட வேண்டும். பேப்பரோடு என்னையும் அனுப்பினார்கள். அழகம்மாளும் வந்தார். பஸ் நார்த்தாமலைப் பிரிவைத் தாண்டும்போது இரண்டு பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கண்டக்டர், “இன்னும் திருச்சி வரலங்க, ஒக்காருங்க” என்றான்.

சர்ஜன் கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். எடை பார்த்தார், நாடி பார்த்தார், எல்லாம் சரியாகப் போனது. கருப்பையா சுவரோடு சுவராக விறைத்து நின்றார். பிறகு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவர் மார்பில் வைத்தார்.

கருப்பையா இருமினார்.

வேண்டுமென்று இருமவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எத்தனையோ வருடமாக மார்பில் அந்தக் குழாய் பட்டதும் இருமிப் பழகிய உடம்பு. தானாக வந்துவிட்டது. நிறுத்தப் பார்க்கப் பார்க்க அதிகமானது. கண்ணில் தண்ணீர் கொட்ட, என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே இருமினார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழுவதா, தலையில் குட்டுவதா என்று தெரியவில்லை.

டாக்டர் பாரத்தைப் புரட்டினார். “மார்ச்சு, ஏப்ரல். மறுபடி மார்ச்சு. எல்லாம் ஒரே சமயத்துல இருக்கே. மத்த மாசத்துல இருமல் வராதா?”

“வராதுங்க.”

“அதெப்படி?”

கருப்பையா என்னைப் பார்த்தார். நான் பாரத்தைப் பார்த்தேன். கதவோரம் நின்ற அழகம்மாள் இரண்டு அடி முன்னால் வந்தார்.

“ஐயா, அது சீக்கு இல்லங்க. நார்த்தாமலை ஆத்தாளுக்குப் பால்கொடம் எடுக்கப் போறதுக்கு லீவு குடுக்க மாட்டேன்னுட்டாக. அதுக்காக இருமுனதுங்க. கலியாணமான புதுசுல எனக்கு அம்மை போட்டு, பொழைக்க மாட்டான்னு எலையில கெடத்திட்டாகங்க. எங்க சனமே கிட்ட வரல. இவுகதான் வேப்பெலையும் கையுமா ஒக்காந்திருந்தாக. இவ பொழச்சா எங்காலு நடக்கிற மட்டும் வருசா வருசம் கொடம் எடுக்குறேன்னு வேண்டிக்கிட்டாக. எதுன்னாலும் என்னயக் கேளுங்க, இவுக பென்சனுல கை வச்சிராதீங்க.”

இத்தனை வருடம் தேர்ப் பைத்தியம் என்று நான் கேலி செய்த பங்குனிக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. கருப்பையா கூச்சத்தில் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் பாரத்தை மேஜையில் வைத்தார். பிறகு, “புதுக்கோட்டையிலேருந்து நார்த்தாமலை எவ்வளவு தூரம்?” என்றார்.

“பத்து மைலுக்கு மேல இருக்கும்ங்க” என்றார் கருப்பையா.

“தலையில குடத்தோட? செருப்பு இல்லாம?”

“எறக்கி வைக்கக் கூடாதுங்க.”

“போன பங்குனிக்கும் போனீரா?”

“போனேங்க.”

“மாடிப்படியில ரெண்டு தரம் ஏறி எறங்கிட்டு வாரும்.”

ஏறி இறங்கி வந்தார். மூச்சு வாங்கவில்லை. டாக்டர் இந்தத் தடவை முதுகுப் பக்கமிருந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், இவர் கண்ணில் படாமல். இருமல் வரவில்லை. அந்தத் தந்திரத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

“லீவு விஷயம் உங்க ஆபீஸ் பாடு. என் வேலை நெஞ்சைப் பாக்குறது. நெஞ்சு கல்லாட்டம் இருக்கு” என்று சொல்லி அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க ஆபீஸ்ல மார்ச்சுல லீவு கேட்டா குடுக்குறதுக்கு என்னய்யா?” என்று ஒரு போடு போட்டார்.

தொகை முழுதாக வந்தது. வீடு அழகம்மாள் பெயரில் ரிஜிஸ்டர் ஆனது. முன்னறையில் ஒரு தையல்காரர் குடிவந்தார். ரிட்டையர் ஆன பிறகு முதல் பங்குனியில் கருப்பையா ஆபீசுக்கு வந்து என் மேஜை முன் நின்று, “சார், இந்த வருசம் இருமாமயே போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. என்னுடைய லீவு

அதற்கப்புறம் பல பங்குனி அவர் நடந்தார். அறுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். விதிப்படி அன்றோடு பென்ஷன் நின்றது. அந்தப் பேப்பரை நானே என் கையால் எழுதினேன். அந்த அம்மாள் எங்கே போய் நிற்பார் என்ற பயம் மட்டும் எனக்கு இல்லை.

தலைத் திவசம் முடிந்த பிறகு வந்த பங்குனியில் அழகம்மாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். “சார், அவுக காலு நின்னுபோச்சு. இந்த வருசம் நான் கொடம் எடுக்கப் போறேன். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. அவுகளத் தெரிஞ்சவுக ஒருத்தர் கூட வந்தாத் தேவல.”

மார்ச் மாதம். இயர் எண்ட். லீவு பாரத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும், பக்கத்து மேஜைக்காரர் குனிந்து, “மார்புச் சளின்னு போடுங்க, கேள்வி வராது” என்றார். நான் எழுதியது: நார்த்தாமலைக்கு நடந்து செல்ல. அப்போதிருந்த ஆபீசர் அதை இரண்டு தடவை படித்தார், என் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கேட்டால் கொடுக்கிறவர்களும் உண்டு என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பென்ஷனுக்குப் போகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு வரும் என்று கேட்பதற்கு முன்னால், எனக்குப் பிறகு யாருக்கு என்று கேளுங்கள். உங்களுக்குக் கேட்க வாய் வராது, எனக்குத் தெரியும். வீட்டுக்காரியைக் கூட்டி வந்து செக்ஷன் குமாஸ்தாவுக்கு எதிரே உட்கார வையுங்கள், கேட்க வேண்டியதை அவளே கேட்டுவிடுவாள். என் காலத்தில் அதற்கென்றே என் மேஜை முன்னால் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தேன்.

அன்று விடிகாலையில் நான் போனபோது அழகம்மாள் மஞ்சள் புடவையில் தயாராக இருந்தார். குடத்தைத் தையல்காரர் கையில் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தை வாங்கித் தலையில் வைத்தார்.

“போவமா சார்?” என்றார்.