ஒற்றைக் கயிறு

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. சீனாவில் அந்த ஆற்றங்கரைச் சிற்றூருக்கு நாங்கள் வந்து நான்காவது நாள். ஐந்தரைக்கு எழுந்தேன். இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கினேன். பாரிசின் லா சப்பல் தமிழ்க் கடையில் வாங்கிக் கொண்டுவந்த தேயிலையில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றி, ஒன்றை மனைவியின் தலைமாட்டில் வைத்தேன். சீனாவுக்குத் தேயிலை கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று மகள் முதல் நாளே சிரித்திருந்தாள். பிறகு சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஆற்றோரம் நடந்தேன்.

அந்த மலைகளை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் அதுவரை பார்த்த மலைகள் தூரத்திலிருந்தே மெல்ல உயர்ந்து வருபவை. இவை தட்டையான வயலின் நடுவே, ஒரு முன்னறிவித்தலும் இல்லாமல் நிமிர்ந்து நின்றன. ஒரு வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு மலை. பாடசாலை மைதானத்தின் மூலையில் இன்னொன்று. சுண்ணாம்புக் கல்லை மழை கரைத்துக் கரைத்து மிச்சம் விட்டவை இவை என்று மகள் விளக்கினாள். எனக்கோ பாரிஸ் புறநகரான சார்செலின் அடுக்குமாடிகளை யாரோ வரிசை குலைத்து வயலுக்குள் இறக்கிவிட்டதுபோல் இருந்தது. நான் லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்கிறவன். சார்செலிலும் பொபினியிலும் அந்தக் கட்டடங்களுக்குள்ளேயே என் பாதி வயது போய்விட்டது. உயரத்தை மீற்றரில் நினைக்க வராது, மாடியில்தான் வரும். அந்த ஊரில் கண்ட மிகச் சிறிய மலையே பதினைந்து மாடி இருக்கும்.

வந்த நாளிலிருந்தே ஒவ்வொன்றும் என்னைத் திகைக்க வைத்தது. ஆற்றில் போன மூங்கில் தெப்பங்களைத் தட்டிப் பார்த்தேன். மூங்கில் நிறம் பூசிய பிளாஸ்டிக் குழாய்கள். கீரை விற்ற கிழவி என் தாள் காசை வாங்க மறுத்து, கழுத்தில் தொங்கிய கியூஆர் குறி அட்டையை, கைபேசியால் கட்டச் சொல்லி, நேரே நீட்டினாள்.

மகள் வேலை செய்த ஆற்றோரத்து விடுதியில்தான் நாங்களும் தங்கியிருந்தோம். பாரிசில் படிப்பை முடித்தவள், ஒரு வருடம் சீனமொழி படிக்கவென்று போனாள். வருடம் முடிந்தும் திரும்பவில்லை. லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனால், "மகள் இப்ப எங்கை அண்ணை?" என்று கேட்பார்கள். "சீனாவிலை, ஒரு கொம்பனியிலை," என்பேன். அது எனக்கே பிடிக்காத பதில். என் நிறுவனத்தின் அலுவலகத்தில் அவளுக்கு ஓர் இடம் கேட்டு வைத்திருந்தேன். மே மாதம் சேர வேண்டும். திரும்பும் விமானத்துக்கு, அவளிடமும் கேட்காமல் மனைவியிடமும் சொல்லாமல், மூன்று இருக்கைகள் எடுத்திருந்தேன். மூன்றாவது பயணச்சீட்டு என் கடவுச்சீட்டு உறைக்குள் மடித்து இருந்தது. எப்போது அதை வெளியே எடுப்பது என்பதுதான் நான்கு நாட்களாக என் யோசனை.

ஏழு மணிக்கு விடுதிக்கார அம்மா வழக்கம்போல் அரிசி நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார். என் மனைவியின் வயது இருக்கும். சின்ன உருவம். வறுத்த நிலக்கடலையை, நாங்கள் சொல்லும் கச்சானை, என் கிண்ணத்தில் மட்டும் இரண்டாம் முறையும் போடுவார். அன்று எங்களுக்குத் தெப்பப் பயணம். மகள் தனக்கு வேலை என்று சொல்லிவிட்டாள். புறப்படும் நேரத்தில் மனைவி கட்டிலில் இருந்துவிட்டார்.

"முழங்கால் குத்துது. நீங்கள் போட்டு வாங்கோ."

தனியே தெப்பத்தில் ஏற மனமில்லை. வயல்களுக்கு நடுவே போன சிறு வீதியில் நடந்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் ஐந்தாறு பேர் அண்ணாந்து நின்றார்கள். நானும் அண்ணாந்தேன்.

பாறை வெளிப்பக்கமாகச் சரிந்து, வயலுக்குக் குடை பிடித்ததுபோல் நின்றது. அதில் ஒரு பெண் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் மாடி உயரம். மஞ்சள் சட்டை, இடுப்பில் ஒரு கயிறு. இந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்களோ என்று நினைத்தேன். அதை நான் உண்மையாகவே நினைத்தேன். அப்போது அவள் வலது கையைப் பாறையிலிருந்து எடுத்து, முதுகுக்குப் பின்னால் தொங்கிய சிறு பைக்குள் விட்டு, வெள்ளைப் பொடியோடு எடுத்து, அப்படியே சட்டையின் பின்புறத்தில் துடைத்தாள். சாப்பிட்ட கையை மூன்று வயதிலிருந்தே அப்படித் துடைக்கும் ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். எத்தனை தரம் ஏசியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கூப்பிட வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். உயரத்தில் வேலை செய்கிறவரைக் கீழிருந்து கூப்பிடக் கூடாது, திரும்பிப் பார்ப்பார். எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லித் தருவது அது. கயிறு எங்கே போகிறது என்று பார்த்தேன். அவள் இடுப்பிலிருந்து மேலே போகவில்லை. கீழே போனது. பாறையில் அடித்திருந்த வளையம் ஒன்று அவளுடைய கால்களுக்கும் கீழே இருந்தது. அந்த வளையத்துக்கூடாகக் கயிறு தரைக்கு வந்தது. தரையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர், காலையில் எனக்குக் கச்சான் போட்ட விடுதிக்கார அம்மா.

மகள் இடது கையை இன்னும் உயரே எறிந்தாள். பிடி கிடைக்கவில்லை. விழுந்தாள்.

ஒன்றரை மாடி விழுந்திருப்பாள். லிஃப்ட் கட்டுமீறி இறங்கினால் அது ஓடும் இரும்புத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பூட்டு உண்டு. அது கவ்வும்போது கட்டடமே அதிரும். நான் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. கயிறு இழுபட்டது, கீழே நின்ற அந்தச் சின்ன உருவம் தரையைவிட்டு ஒரு முழம் மேலே போய், திரும்பக் கால் பதித்தது. லிஃப்டில் எதிர்ப்பாரமாக இரும்புக் கட்டிகளை அடுக்குவோம். இங்கே ஒரு பெண் நின்றார். மேலே என் மகள் காற்றில் மெல்ல ஊசலாடிக்கொண்டு சிரித்தாள்.

 சேறாய்க் கிடந்த வயல் வரம்பில் இருந்துவிட்டேன். விடுதிக்கார அம்மா என்னைக் கண்டார். இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் மோவாயை மட்டும் உயர்த்தி வணக்கம் சொன்னார். மகள் மறுபடி பாறையைப் பிடித்து, விழுந்த அதே இடத்துக்கு ஏறினாள். என்னால் நிறுத்தவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. அவள் பாறையில் அடித்திருந்த கடைசி வளையத்தைத் தொட்டு இறங்கும்வரை அந்தச் சேற்றிலேயே இருந்தேன்.

இறங்கியவள் என்னைக் கண்டு அப்படியே நின்றாள்.

"அப்பா. நீங்கள் தெப்பத்திலை போகேல்லையோ?"

"எவ்வளவு காலமா இது?"

"பாரிசிலையே தொடங்கினனான். அங்கை உள்ளுக்கை, கட்டின சுவரிலை. இஞ்சை வெளியிலை."

"ஒரு கயிறுதான் இருக்கு."

"ஓம், ஒண்டுதான்."

"லிஃப்டுக்கு ஆறு வடம் போடுறம். ஒண்டே தாங்கும். எண்டாலும் ஆறு போடுறம்."

"நான் லிஃப்ட் இல்லை அப்பா. எட்டுப் பேரை ஏத்திக்கொண்டு போறேல்லை."

அவள் விரல் முட்டியில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதைச் சட்டையின் பின்புறத்தில் துடைத்தாள்.

விடுதிக்குத் திரும்பியபோது மனைவி குசினி வாசலில் காலை நீட்டி இருந்து உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என் காற்சட்டைச் சேற்றைப் பார்த்தார். பிறகு முகத்தை. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"போன வருசம் வீடியோ அனுப்பினவள். நான் மூண்டு நாள் சாப்பிடேல்லை. நீங்கள் வயித்துக்குச் சரியில்லையோ எண்டு கேட்டு இஞ்சித் தண்ணி வைச்சுத் தந்தியள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் இஞ்சை வந்திருப்பியளோ? வந்திருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருப்பியள்."

கடவுச்சீட்டு உறை என் நெஞ்சுப் பையில் இருந்தது. 

பொழுது சாய ஆற்றோர மேசையில் நால்வரும் இருந்தோம். பியர் ஊற்றிச் சமைத்த ஆற்று மீன். மனைவி அதன்மேல் எங்கள் மிளகாய்த்தூளைத் தூவினார். விடுதிக்கார அம்மா ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டு, இருமி, இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு தன் கைபேசியில் எதையோ பேசி என் பக்கம் நீட்டினார். கைபேசி நல்ல பிரெஞ்சில் சொன்னது: உங்கள் மகள் வரவரப் பாரமாகிறாள், குறைவாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மனைவி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. உறையைத் திறந்து தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"திரும்பிப் போக மூண்டு ரிக்கெற் எடுத்தனான்."

மனைவி சிரிப்பை நிறுத்தினார். மகள் தாளை விரித்து, தன் பெயரைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்ததைக் கண்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். தெப்பக்காரர்கள் தெப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யன்னல் பக்கமோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"நல்லது. அம்மா கால் நீட்டிக்கொண்டு போகலாம்."

"அலுவலகத்திலை உனக்கெண்டு இடம் வைச்சிருக்கினம் பிள்ளை."

"அதுக்கு வேறை ஆரும் வருவினம் அப்பா."

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் பக்கம் தள்ளினாள். மீன் ஆறிவிட்டது. விடுதிக்கார அம்மாவுக்கு எங்கள் மொழி விளங்காது. ஆனாலும் அவர் எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்தார்.

"அந்தக் கயிறை ஆர் சோதிக்கிறது?" என்று கேட்டேன்.

"நான்தான். மாதத்துக்கு ஒருக்கா முழுக்கத் தடவிப் பாக்கோணும். உள்ளுக்கை நூல் அறுந்திருந்தால் அந்த இடம் கையிலை மெத்தெண்டு படும்." கொஞ்சம் யோசித்தாள். "இந்த மாதம் இன்னும் பாக்கேல்லை. பஞ்சி."

"பஞ்சியோ? இதிலையும் சோம்பலோ?"

"அறுவது மீற்றர் அப்பா."

"கொண்டுவந்து வை," என்றேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, வாசலில் ஒரு நீலப் பை இருந்தது. மாத்திரையையும் தேநீரையும் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தேன். கயிற்றை என் கட்டிலின்மேல் கொட்டி, ஒரு முனையைத் தேடி எடுத்தேன். இரும்பு வடத்தை வெறுங்கையால் தடவ முடியாது, அறுந்த கம்பி கிழித்துவிடும். துணி சுற்றித்தான் பார்ப்போம். இது நூல், வெறுங்கை போதும். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சாண் சாணாக ஓடவிட்டேன். மனைவி விழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். மெத்தென்ற இடம் ஒன்றும் இல்லை. மறுமுனை கைக்கு வந்தது. அந்த முனையிலிருந்து இன்னொரு முறை தொடங்கினேன்.