ஏலத்துக்கு வந்த சுறா

மீன் சந்தையில் ஏலம் கூவுகிற ஏலக்காரிக்கு அப்படியொரு தொண்டை. அவள் "ஒரு தரம்!" என்றால் தெருக்கோடியில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. கேட்க வேண்டுமா? கால் தரையில் பாவவில்லை.

அதே சந்தையில் ஐஸ் உடைக்கிற அவள் புருஷனுக்கோ தலைகால் புரியவில்லை. அங்கே பிரியத்தை மீனின் நீளத்தை வைத்துத்தான் அளப்பார்கள். அவனும் ஆள் நீளத்துக்கு ஒரு சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். "முழுசும் உனக்குத்தான்டி!"

ஐயையோ! அன்று காலையில்தான் நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "மீனை விட்டுடாதே, பிள்ளைக்கு நல்லது. ஆனா சுறா மாதிரி பெரிய மீன் வேண்டவே வேண்டாம். சின்ன மீனையெல்லாம் தின்னு தின்னு அது உடம்புல பாதரசம் சேர்ந்திருக்கும். பிள்ளையோட மூளைக்கு ஆகாது. மத்தி, நெத்திலின்னு வாங்கி நல்லா வேகவச்சுச் சாப்பிடு."

தவமாய்த் தவமிருந்து வந்த பிள்ளையை வைத்து விளையாட முடியுமா? ஆனால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற மனுஷனிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவன் குளிக்கப் போன நேரம் சுறாவைச் சந்தைக்கே திருப்பி அனுப்பினாள். குளித்துவிட்டு வந்து தேடியவனிடம், பத்திரமாய் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சமாளித்தாள். மறுநாள் கமுக்கமாக ஏலத்தில் வைத்தாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது. யார்? சாட்சாத் அவள் புருஷன்தான்!

"அடடே, நேத்து வாங்கினதுக்கு ஜோடி! விடாதே, எனக்குத்தான்!"

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." அதற்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன. "யோவ்! ஜோடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதே சுறாதான்யா இது! நம்ம பிள்ளைக்கு ஆகாதாம்யா!" நர்ஸம்மா சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது. அவன் முகம் மட்டும் சுருங்கிப்போனது. சுறாவைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான். பிறகு மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த மத்திக் கூடையைக் காட்டினான்.

"சுறாவுக்குக் கேட்ட அதே விலை. அந்தக் கூடைக்கு!"

"பைத்தியமாய்யா உனக்கு?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"ஆமா. ஒன்பது வருஷமா!"

"ஒரு தரம்," என்றாள் ஏலக்காரி. "ரெண்டு தரம்..."

அவ்வளவு பெரிய தொண்டை அடைத்துக்கொண்டது. வாயைத் திறக்கிறாள், சத்தமே வரவில்லை.

சந்தை மொத்தமும் அவளுக்காகக் கூவியது. "மூணு தரம்!"