கோவிந்தம்மாவின் வேர்க்கடலையும் வராத மழையும்

போன செவ்வாய்க்கிழமை காலை. பால் ஊற்ற வந்த கோவிந்தம்மா அக்காவிடம் என் ஆறு வயது மகள் கேட்டாள்:

"பெரிம்மா, நீங்க இன்னா தப்பு பண்ணீங்க? அதான் சாமி மழைய நிறுத்திட்டாரா?"

கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அக்காவுக்குத் திருத்தணியை ஒட்டி ஒரு துண்டு நிலம் இருக்கிறது. வேர்க்கடலை போட்டிருக்கிறார். செடி பூத்துவிட்டது, இப்போது மழை பெய்தால்தான் காய் பிடிக்கும். வானமோ... மலைமேல் வந்து நிற்கிற மேகம் அப்படியே ஆந்திரா பக்கம் போய்விடுகிறது.

அக்கா "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பால் ஊற்ற வரவில்லை.

மகளைத் திட்டி என்ன பயன்? முந்தின நாள் சோறு ஊட்டும்போது பைபிள் கதை சொன்னது நான்தான். ராஜா கடவுளை மறந்தான், இனி மழை பெய்யாது என்று தீர்க்கதரிசி வந்து சொன்னார், பெய்யவில்லை. காற்றும் மழையும் கடவுள் பேச்சைக் கேட்கும் — இதைப் புரியவைக்கத்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது வேறு.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் எவ்வளவு சொல்வது? மிக்சி ஓடும்போதுகூட இதே நினைப்பு. "நீ ரொம்ப யோசிக்கிற" என்றார் வீட்டுக்காரர். அதையும் யோசித்தேன்.

அக்கா வராத அன்று மதியம் அந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். சாயங்காலம் மகளோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாப்பா தெரியாம கேட்டுடுச்சு. கோவத்துல பால் கூட..."

"அட, மாடு ஒதச்சிகினு கறக்க வுடலம்மா. நீ ஒண்ணு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா பாப்பா கேட்டதுலேர்ந்து நானும் யோசிச்சிகினுதான் கீறேன். இன்னா தப்பு பண்ணேன்னு."

உட்கார்ந்து அந்தக் கதையை முழுசாகச் சொன்னேன்.

"ராஜா பண்ண தப்புக்கு, கடல போட்டவ இன்னா பண்ணுவா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: அந்தத் தீர்க்கதரிசி ஓர் ஓடை ஓரமாகத்தான் தங்கியிருந்தார். மழையில்லாமல் அந்த ஓடையும் வற்றிவிட்டது. வேறு ஊருக்குப் போய், ஓர் ஏழை விதவையிடம் தண்ணீர் கேட்டு நின்றார்.

"மழ நிக்கும்னு சொன்னவருக்கேவா?"

"அவருக்கேதான்க்கா. அவர் ஒரு தப்பும் பண்ணல."

அக்கா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"பாவம். நம்ம தெருவுக்கு வந்திருந்தா நானே ஒரு கொடம் குடுத்திருப்பேன்" என்றார். பிறகு மகளின் கன்னத்தைக் கிள்ளி, "பெரிம்மா தப்பு பண்ணலியாம், கேட்டுக்கினியா?" என்றார்.

மகள் கேட்டுக்கொண்டாள். ஆனால் திரும்பி வரும்போது விடவில்லை. மழை யார் கையில் இருக்கிறது என்று கேட்டாள். கடவுள் கையில் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் ஏன் பெய்யவில்லை என்றாள்.

அன்று மழை நின்ற காரணத்தைக் கடவுள் தீர்க்கதரிசியிடம் சொன்னார். இன்று பெய்யாத காரணத்தை என்னிடம் சொல்லவில்லை.