பாலோடு இறங்கியவை

மூன்று நாய்க்குட்டிகளின் குடலில் இருந்த புழுக்களை நான் வேண்டுமென்றே வளரவிட்டேன். மறதியால் அல்ல... பார்க்கும் ஆசையால்!

சேலையூர்ப் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியர் நான். எங்கள் தெருநாய் ராணி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் குட்டி போட்டிருந்தாள். எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் பாத்திமா அக்கா மருந்து வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார்.

"சார், பூச்சி மருந்து. நீங்க சயின்ஸ் வாத்தியாரு, அளவு பாத்து குட்டிங்களுக்கு ஊத்திடுங்க."

"பூச்சி இல்லக்கா, புழு. கொக்கிப்புழு" என்று திருத்தினேன். வாத்தியார் புத்தி!

"எதுவா இருந்தா இன்னா சார்? வயித்துல கீதுல்ல?"

அன்றே ஊற்றியிருக்கலாம். ஆனால் வகுப்பில் காட்டலாமென்று ராணியின் மலத்தை ஏற்கெனவே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருந்தேன். உங்களிடம் எப்படிச் சொல்வேன்... புழுவின் முட்டை! ஒளி ஊடுருவும் மெல்லிய ஓடு. உள்ளே ஓர் உயிர் நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. மலத்துக்குள் இத்தனை அழகா!

இந்த இளம்புழுக்கள் தாயின் தசைக்குள் உறங்கிக் கிடக்குமாம். அவள் கருவுற்றபின் விழித்து, மடி தேடிப் போய், பாலோடு குட்டிக்குள் இறங்குமாம். கண்ணில்லை, காதில்லை... இவள் தாயாகிவிட்டாள் என்று அவற்றுக்கு யார் சொன்னது? புத்தகத்தில் படித்ததை என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. குட்டிகளின் மலத்தில் முட்டை தெரியும்வரை மருந்தைத் தள்ளிப்போட்டேன்.

"ஊத்திட்டீங்களா சார்?"

"ஊத்திட்டேன்கா." வாய் கூசாமல் சொன்னேன்.

குட்டிகளின் ஈறு வெளுத்துக்கொண்டே வந்தது. இரத்தம் குடிக்கும் புழு என்று தெரியாதவனா நான்? தெரியும்! இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றேன்... பொறுத்தது நானா, அவையா?

ஒரு காலையில் முட்டைகள் தெரிந்தன. பால் தவிர வேறெதையும் வாயில் வைக்காத குட்டிகளுக்குள்! மெய்சிலிர்த்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் மருந்தோடு ஓடினேன்.

இரண்டு குட்டிகள் மணலில் விறைத்துக் கிடந்தன. ராணி அவற்றை நக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவதன் வாயில் ஊற்றினேன்.

அது பிழைத்துக்கொண்டது. இப்போது அக்கா வீட்டில் வளர்கிறது. என்னைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு ஓடிவருகிறது. தெருவில் எல்லோரிடமும் அக்கா சொல்கிறார்: "சார் மட்டும் அன்னிக்கே மருந்து ஊத்தலன்னா இதுவும் போயிருக்கும்."

நான் தலையாட்டுகிறேன். அன்றே ஊற்றியிருந்தால் மூன்றும் பிழைத்திருக்குமோ... யாரைக் கேட்பேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை வெறுத்தாலும் சரி. இரண்டு குட்டிகளையும் என் கையால் புதைத்த பிறகும், அந்த முட்டையை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது!